பட்டாபியும் தானே திறக்கும் கதவும்

மனைவி பர்வதம் காபி டம்ளரை நீட்டினால் பட்டாபி உடனே வாங்கிக்கொள்வதில்லை. வலது கையைத் தோளுக்கு நேராக, ரயில் கைகாட்டிபோல விறைப்பாக நீட்டுவார். டம்ளர் மேஜையில் அமர்ந்து, நுரை ஆடாமல் நின்ற பிறகுதான் கை கீழே இறங்கும். "லைன் கிளியர்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு ஒரு வாய் குடிப்பார். குளியலறைக் கதவில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும் பூசிய தகர வட்டம் தொங்குகிறது. உள்ளே போகிறவர் சிவப்பைத் திருப்பிவிட்டுத்தான் போக வேண்டும். மறந்துபோன மைத்துனர் ஒருவர், தலையில் சீயக்காயும் இடுப்பில் ஈரத் துண்டுமாகக் கூடத்தில் நின்று விளக்கம் சொல்லும்படி ஆயிற்று.

செங்கல்பட்டு ஜங்ஷனில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஐம்பத்தைந்தாம் வருஷம் ஓய்வு பெற்றார் பட்டாபி. அவர் காலத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அதற்குக் காரணம் கேட்டால் போதும், கேட்டவர் அன்றைக்குச் சாப்பிடப் போனாற்போலத்தான். "ரெண்டு வழி ஒரே சமயத்துல தொறந்திருக்கப்படாது ஓய்! ஒண்ணை மூடினாத்தான் இன்னொண்ணு தொறக்கணும். அதுக்குப் பேர்தான் இன்டர்லாக்கிங். லோகத்துல பாதிச் சண்டை இது தெரியாததனாலதான் வரது" என்பார். வாசல் கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய மாரிஸ் கார் வாங்கினார். ஞாயிறு மத்தியானம் தூங்கி எழுந்ததும் பர்வதத்தைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, கொளவாய் ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரத்துக்குக் கிளம்பிவிடுவார். போகிற வேகத்தில் மாட்டுவண்டிக்காரர்கள் குசலம் விசாரித்துக்கொண்டே கூட வருவார்கள். கடற்கரையில் இரண்டு பேரும் காலைக்கூட நனைத்துக்கொள்வதில்லை. காரிலேயே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். கிளம்பும்போது, "பின்னாடி கிளியரா?" என்று அவர் கேட்பார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "கிளியர்" என்பாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் ரிவர்ஸ் எடுப்பார். அவருடைய இல்லறமே அதில் அடக்கம் என்று சொல்லலாம்.

இதில் மண்ணைப் போட்டது கார் ஷெட் கதவு. மழையில் ஊறிய இரண்டு தகரக் கதவுகள், தரையைப் பிறாண்டிக்கொண்டுதான் திறக்கும். பட்டாபிக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. கனமான எதையும் தள்ளவோ தூக்கவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய் முட்டுக்கொடுத்துத் திறக்கும் உத்தியோகம் பர்வதத்துக்கு. போன ஐப்பசியில் ஒரு நாள், கொட்டுகிற மழையில் கதவைத் தள்ளப் போனவள் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்தக் கதவை இனிமே நான் தொடமாட்டேன். உங்க கார்லயும் ஏறமாட்டேன்."

பட்டாபி அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்போல இருந்தார். அடுத்த ஞாயிறு தனியாகவே கிளம்பினார். திருக்கழுக்குன்றம் வரைதான் போக முடிந்தது. வண்டியைத் திருப்ப வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தால் "பின்னாடி கிளியரா?" என்று கேட்டுவிட்டு, காலி இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பர்வதம் இல்லாமல் அந்தக் காரை ஓட்டப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை அவளிடம் சொல்லிவிட்டிருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். ரயில்வேயில் அதற்கெல்லாம் சிக்னல் கிடையாது போலிருக்கிறது.

கதவு தானே திறந்தால் அவள் வருவாள் என்று முடிவு கட்டினார். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்திருந்தார். ஒரு துரைசானி காரிலிருந்தபடியே பொத்தானை அமுக்குகிறாள், ஷெட் வாயைப் பிளக்கிறது. சென்னைக் கடை ஒன்றில் விசாரித்ததில், அந்த யந்திரம் கப்பலில் வர வேண்டும், அது வருகிற விலைக்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம் என்று தெரிந்தது. தவிரவும், பொழுது சாய்ந்தால் அவர் தெருவில் மின்சார பல்பு அகல்விளக்காகிவிடும். அந்தக் கரண்டை நம்பிக் கதவைக் கட்டுவதாவது! கடைக்குப் போடுகிற உருட்டுக் கதவு போடலாம் என்றார் ஒருவர். அதையும் குனிந்து ஒரு ஆள்தானே தூக்க வேண்டும்? கூர்க்கா வைத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். கூர்க்காவுக்கு இன்டர்லாக்கிங் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார் பட்டாபி.

கடைசியில், ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் லோகோ ஷெட்டின் பிட்டர் ஞானதாஸைப் பிடித்தார். பட்டாபிக்குப் பைத்தியம் பிடித்தால் கூடவே சேர்ந்து பிடித்துக்கொள்கிற மனிதர் அவர். இருவருமாக ஷெட்டின் நெற்றியில் சட்டம் அடித்து, கப்பி மாட்டி, ஒரு பக்கம் ஒற்றைத் தகரக் கதவையும் மறுபக்கம் மணல் மூட்டையையும் தொங்கவிட்டார்கள். கதவுக்கு முன்னால் தரையில் ஒரு பலகை. காரின் முன்சக்கரம் ஏறிப் பலகை அமுங்கினால் மூட்டை இறங்கும், கதவு மேலே போகும். இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. தெரு கேட்டிலிருந்து ஷெட் கதவுக்கு இன்னொரு கம்பியை இழுத்தார் பட்டாபி.

"கேட்டுக்கு இன்னாத்துக்கு சார் கம்பி?" என்றார் ஞானதாஸ்.

"கேட் தொறந்திருக்கச்சே ஷெட்டும் தொறந்தா என்ன ஆகும்?"

"மாடு உள்ள பூரும்."

"அதுக்கு ரயில்வேல ஆக்ஸிடென்ட்னு பேர். கேட் சாத்தினாத்தான் இந்தக் கம்பி தளரும். கம்பி தளர்ந்தாத்தான் ஷெட் தொறக்கும். புரியறதா?"

ஞானதாஸுக்குப் புல்லரித்துவிட்டது. கார் பின்னாலேயே கேட் தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங்கும் தன் பங்குக்கு வைத்துக்கொடுத்தார். வேலை முடிகிற வரை கார் தெருவில் வேப்பமரத்தடியில் நின்றது. சோதனைக்கு அது தேவைப்படவில்லை. ஞானதாஸும் அவர் மச்சானும் கைகோத்துக்கொண்டு பலகைமேல் குதிப்பார்கள், கதவு ஜம்மென்று ஏறும். "இன்னாமா போவுது பாரு சார்! கையே வெக்கல, அதுவா தொறந்துக்கினு போவுது!" என்று கூவுவார் ஞானதாஸ். பர்வதம் ஜன்னல் வழியாக இதைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, வரேன்" என்றாள்.

அந்த ஞாயிறு பட்டாபிக்குத் தலைகால் புரியவில்லை. மகாபலிபுரம் போனார்கள், காபி குடித்தார்கள், "கிளியர்" கேட்டுத் திரும்பினார்கள். வரும்போது கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "வரட்டுமே! இன்னிக்கு யாரும் எறங்கப் போறதில்லை" என்றார் பட்டாபி. வீட்டுக்குள் ஞானதாஸ் சாமந்தி மாலையோடு காத்திருந்தார். கார் கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தது. முன்சக்கரம் பலகையில் ஏறியது. பலகை கச்சிதமாக அமுங்கியது.

கதவு அசையவில்லை.

பட்டாபி திரும்பிப் பார்த்தார். காரின் பின்பாதி தெருவில் இருந்தது. கேட் சாத்திக்கொள்ள முடியாமல் காரின் விலாவில் முட்டிக்கொண்டு நின்றது. கேட் சாத்தாமல் ஷெட் திறக்காது. ஷெட் திறக்காமல் கார் உள்ளே போகாது. கார் உள்ளே போகாமல் கேட் சாத்தாது. கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் உள்ள முற்றத்தைக் கம்பிக்காக அங்குலம் அங்குலமாக அளந்தவர், காரை அளக்கவில்லை. பின்னால் எடுக்கலாமென்று பார்த்தால், கேட்டின் கொக்கி மட்கார்டில் மாட்டிக்கொண்டது.

கோவளத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றிவந்த எல்லப்பனின் மாட்டுவண்டி பின்னால் வந்து நின்றது. "இன்னா சாமி, பாதி வூட்லயும் பாதி தெருவுலயும் நின்னுகினு கீற? மழ வருது. உப்பு கரைஞ்சிபூட்டா வெறும் சாக்குதான் கீது!" என்று அவர் கத்தினார். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. பர்வதத்தின் கை, இறங்குவதற்காகக் கதவுப் பிடிமேல் போயிற்று. அவள் இன்றைக்கு இந்த மழையில் இறங்கினால் இனி ஒருநாளும் ஏறமாட்டாள்.

"ஏன்னா, உங்க ரயில்ல இந்த மாதிரி ஆனா என்ன பண்ணுவா?" என்றாள்.

"ரிப்போர்ட் எழுதுவா."

"அப்புறம்?"

"மேலேர்ந்து ஆள் வருவா."

"மேலேர்ந்து இப்போ மழைதான் வரது" என்றாள் பர்வதம்.

"நீ எறங்காதே" என்று சொல்லிவிட்டுப் பட்டாபி இறங்கினார். கார் கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது. மழை வலுத்துவிட்டது. ஞானதாஸ் மாலையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிங் பிளேயரோடு ஓடிவந்து, "கம்பிய வெட்டிரட்டா சார்?" என்றார். பட்டாபி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். இன்டர்லாக்கிங்கில் கைவைத்தவனைச் சும்மா விடாதே என்று உத்தியோகக் காலம் முழுவதும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கம்பியை இரண்டு தரம் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே வெட்டாக வெட்டினார். மணல் மூட்டை தொப்பென்று விழுந்தது, தகரக் கதவு தடதடவென்று மேலே ஏறியது. எல்லப்பன் விசிலடித்தார்.

பட்டாபி காரை நோக்கித் திரும்பினார். வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கை வரை கிரீஸ். ஒரு கையில் பிளேயர், மறு கையில் விடமனமில்லாமல் சுருட்டிப் பிடித்த கம்பி. கார்க் கதவை எந்தக் கையால் திறப்பது என்று தெரியாமல் மழையில் திருதிருவென்று விழித்தார். பர்வதம் தன் இடத்திலிருந்து சாய்ந்து, ஸ்டியரிங்கைத் தாண்டிக் கையை நீட்டி, அவர் பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டாள்.