வெள்ளைச் சட்டையில் இல்லாத கறை

என் அண்ணிக்குத் தொழிற்சாலையில் பெயர் பூதக்கண்ணாடி. தைத்து வரும் சட்டைகளை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் தளர்ந்திருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். பத்தொன்பது வயதில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவள், மூன்றே வருஷத்தில் அந்த மேஜைக்கு வந்துவிட்டாள். அவள் பார்த்து அனுப்பிய பெட்டி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். கழுவியது நானாக இருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அவளுக்கு நாத்தனார்; என் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அவள் மேஜையிலிருந்து இருபதடி தள்ளித்தான் என் அறை. அவள் கறை என்று ஒட்டி அனுப்புவதை மருந்து பீய்ச்சி எடுப்பது என் வேலை. ஆக வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, அவள் குறை சொல்லுவாள், நான் துடைப்பேன். நாத்தனார்கள்தான் குறை சொல்வார்கள் என்று ஊர் உலகம் பேசுகிறது. என் தலையெழுத்து தலைகீழாக அமைந்துவிட்டது.

அண்ணனைக் கட்டி ஏழு வருஷம் கழித்து, முப்பத்தைந்து வயதில் அவள் உண்டானாள். அதற்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம். ஆறு மாதம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது.

ஏழாம் மாதத்தில் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். "செருப்பு நுழைய மாட்டேங்குது." "மோதிரம் கழல மாட்டேங்குது." "காலையில எந்திரிச்சா கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு." பக்கத்து மேஜைக்காரிகள், முகத்தில் சதை போட்டிருக்கிறது, இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறாய் என்றார்கள். பிறகு தலைவலி என்றாள். நெற்றியிலிருந்து பிடரி வரை இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கிறதாம். காலையில் சொன்னாள், சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொன்னாள்.

மறுநாள் எனக்கு என்ன பிடித்ததோ. இரண்டு பிள்ளை பெற்றவள் என்ற திமிர்தான், வேறென்ன. சாப்பாட்டு அறையில் பத்துப் பேர் முன்னால் கேட்டேன்.

"ஏன் அண்ணி, உலகத்துல நீங்க மட்டும்தான் புள்ள சுமக்கறீங்களா? நான் பெரியவனப் பெத்த அன்னைக்குக்கூட மத்தியானம் வரைக்கும் இந்த மருந்து நாத்தத்துல நின்னேன். சட்டையில குறை தேடறது பத்தாதுன்னு இப்ப ஒடம்புலயும் தேட ஆரம்பிச்சிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும். என்னுடையது புரண்டதில் அவள் வாய் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து தலைவலி என்ற பேச்சே வீட்டில் இல்லை. சரி, குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. என்னோடும் பேச்சு குறைந்தது. "சாப்பிட்டியா", "கிளம்பலாமா", அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைச் சட்டை வந்தது. பன்னிரண்டாயிரம் சட்டை, பத்தே நாள். யாரும் விடுப்பு கேட்கக் கூடாது என்று சூப்பர்வைசர் முதலிலேயே சொல்லிவிட்டார். அண்ணி பரிசோதனைக்குப் போகவேண்டிய தேதி அந்தப் பத்து நாளுக்குள் விழுந்தது. "அடுத்த வாரம் போய்க்கறேன்" என்றாள். அண்ணன் தலையாட்டினான். நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை அவளிடமிருந்து முப்பது சட்டை என் அறைக்கு வந்தது. ஒன்றை விரித்தேன். காலருக்குக் கீழே அம்பு இருந்தது, கறை இல்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அடுத்ததில் முதுகில் மூன்று அம்பு. துணியோ பளிச்சென்று இருந்தது. முப்பதில் இருபத்திரண்டு இப்படி.

வேறு யாராவது ஒட்டியிருந்தால் கண் மங்கிவிட்டது என்று நினைத்திருப்பேன். இவள் பூதக்கண்ணாடி ஆயிற்றே, தப்பாக ஒட்ட வழியே கிடையாது. அப்படியானால் வேண்டுமென்றே ஒட்டுகிறாள். பத்துப் பேர் முன்னால் பேசியதற்கு என்னை முதுகொடியத் தேய்க்க வைக்கிறாள். எனக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இருபத்திரண்டையும் அள்ளிக்கொண்டு போய், சூப்பர்வைசர் பார்க்க அவள் மேஜையில் கொட்டினேன்.

"எங்க இருக்கு கறை? காட்டுங்க அண்ணி. கோவம் இருந்தா எங்கிட்ட காட்டுங்க, எதுக்குச் சட்டை மேல காட்டறீங்க?"

சூப்பர்வைசர் நாலைந்தைப் புரட்டினார். "என்னம்மா இது, ஒன்னுமே இல்லையே?"

அண்ணி ஒரு சட்டையை எடுத்துக் கண்ணைச் சுருக்கினாள். "இருக்கு சார். கறுப்பா... இப்ப இங்கதான் இருந்துச்சு. அந்தப் பக்கம் போயிடுச்சு."

"போயிடுச்சா?" என்றேன்.

"ஓடுது. துணிய அசைக்காம வச்சாலும் ஓடுது. ஓரமா மின்னுது."

பதினோரு வருஷமாகக் கறை எடுக்கிறேன். எண்ணெய், மை, துரு, ரத்தம் எல்லாம் பட்ட இடத்திலேயே கிடக்கும். நகர்கிற கறையை நான் பார்த்ததில்லை. சுவரைக் காட்டி, "அங்க இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றாள். கிட்டத்தில் போய் நின்றேன். "உன் கன்னத்துலயும் இருக்கு" என்றாள்.

அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அத்தனை நாளும் பார்க்கவில்லை. இமைகள் தடித்துக் கண் சிறுத்திருந்தது. மோதிரத்தைச் சுற்றிச் சதை பிதுங்கியிருந்தது. ஒரு கையால் நெஞ்சுக்குழிக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தலைவலி இருக்கா அண்ணி?"

"விடவே இல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் அந்தச் சட்டையை மடிக்கத் தொடங்கினாள். நான் பிடுங்கிப் போட்டுவிட்டு அவளை எழுப்பினேன். சூப்பர்வைசர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வாடகை வண்டி வரும்வரை வாசலில் அவள் என் மேல் சாய்ந்தே நின்றாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா ரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறை வேறு கருவியை வரவழைத்துப் பார்த்தார். நூற்று எண்பதுக்கு மேல். சிறுநீரிலும் கோளாறு.

"தலைவலி எப்ப இருந்து?"

"ரெண்டு நாளாத்தான்" என்றாள் அண்ணி. எனக்காகச் சொன்ன பொய். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

"மூணு வாரமா டாக்டர். அவங்க சொன்னாங்க, நான்தான் வாய அடைச்சிட்டேன்" என்றேன்.

"உங்களத் திட்டறதுக்கு எனக்கு நேரமில்ல. வீக்கம், தலைவலி, கண்ணு முன்னால ஓடற கறுப்பு எல்லாம் இந்த அழுத்தத்தாலதான். இவங்களுக்கு வலிப்பு வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. பிள்ளைய வெளிய எடுத்தாத்தான் இது அடங்கும். அதோட நுரையீரல் பலப்பட ஊசி போடறேன். ரெண்டு நாள் தாக்குப்பிடிக்குதான்னு பாக்கலாம்."

ஒரு நாள்தான் தாங்கியது. மறுநாள் மதியம் அறுத்து எடுத்தார்கள். பெண். எட்டாம் மாதம்கூட முடியவில்லை, எடை ஒரு கிலோ இருநூறு. கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மேல்தளத்தில் திரை போட்டு இருட்டாக்கிய அறையில் அண்ணி. எழுந்திருக்க அனுமதியில்லை, பார்வையும் தெளியவில்லை. அண்ணன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, நன்றாக இருக்கிறாள், உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். அதன் மறுநாள் காலை அவள் எனக்கு ஆள் அனுப்பினாள்.

"உங்கண்ணன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மூக்க உறிஞ்சிக்கிட்டே போறாரு. நல்லா இருந்தா எதுக்கு அழறாரு? நீ போய்ப் பாத்துட்டு வா. ஒன்னு விடாம எங்கிட்ட சொல்லணும்."

"இப்ப எதுக்கு அண்ணி, நீங்க மொதல்ல..."

"போ."

போனேன். நர்ஸ் ஐந்து நிமிடம் நிற்க விட்டாள். திரும்பிப் படியேறும்போது, ஒளித்துவிடலாமா, அண்ணன் சொன்னதையே நானும் சொல்லிவிடலாமா என்று ஆசையாக இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் என்னால் முடியவில்லை.

"தொடை என் ஆள்காட்டி விரல் தடிமன்தான் இருக்கு. மூக்குல குழாய் வச்சிருக்காங்க. மூச்சு விடறப்ப நெஞ்சு உள்ள குழியுது. தோல் மெலிசா, செவசெவன்னு இருக்கு. எடது காது மடங்கியிருக்கு."

"கண்ணு?"

"மூடியிருக்கு."

"அழுதாளா?"

"வாயத் தெறந்தா. சத்தம் வரல."

"பொழைப்பாளா?"

"கேட்டேன். மூணு நாள் தாண்டட்டும், அதுவரைக்கும் ஒன்னும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

அண்ணி அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்னதை ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல் அவள் உதடு அசைந்தது. நான்தான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் அப்புறம்" என்றாள். என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டாள். "சாயங்காலம் திரும்பப் போ. நெஞ்சு குழியறது குறைஞ்சிருக்கான்னு பாரு. கூடியிருந்தாலும் வந்து சொல்லு."