எலுமிச்சையில் கறுத்த கத்தி

என் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன், மூன்றாவது முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு மடக்குக்கத்தி கொண்டு வந்தான். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. மேசையில் வைத்துவிட்டு, "எடுத்துக்குங்க அங்கிள்" என்றான். போன தடவை, பிடி உடைந்து டேப் சுற்றிய கத்தியால் நான் மாம்பழம் சீவியதைப் பார்த்தானாம்.

"இப்ப எதுக்கு தம்பி இதெல்லாம்" என்று வாய்தான் சொன்னது. அதற்குள் கை கத்தியை எடுத்துவிட்டது. டவுனில், சிலிபின் பக்கம் ஒரு டயர் கடையில் எனக்கு வெகுநாளாய் வேலை. ஸ்பேனரைக் கையில் தூக்கிப் பார்த்தே நல்லதா மட்டமா என்று சொல்லிவிடுவேன். கடைக்குப் புது ஜாக் வாங்குவதென்றால் என் முதலாளி தவுக்கே என்னைத்தான் கூப்பிடுவார். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

கத்தியை விரித்தேன். 'டக்' என்று நின்றது. அலகைப் பக்கவாட்டில் அசைத்தேன், ஆட்டம் இல்லை. கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்தேன், வழுக்காமல் பிடித்தது. முன்கை முடியைச் சிரைத்துப் பார்த்தேன். பழைய பேப்பரைக் கிழித்துப் பார்த்தேன். மரப்பிடியில், ஆணிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கீறலைக்கூட மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பையன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரத்தில் நான் அவனிடம் பேசியதெல்லாம் கத்தியைப் பற்றித்தான்.

மறுநாள் மதியம் அந்தக் கத்தியால் நாலைந்து லீமாவ் கஸ்தூரியை, அந்தக் குட்டி எலுமிச்சையை, நறுக்கி, பிழிந்து குடித்துவிட்டு, கத்தியைச் சிங்கிலேயே போட்டுவிட்டுப் படுத்தேன். சாயந்திரம் எடுத்துப் பார்த்தால் அலகு முழுக்க நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாய்க் கறை. ஓரத்தில் துரு வேறு. வந்ததே எனக்குக் கோபம்!

"பாத்தியா, பாசார் மாலாம்ல ராத்திரி கூவி விக்கிற சாமான்! பளபளன்னு காட்டி ஏமாத்திட்டான். மாமனாருக்கே இப்படின்னா பொண்ணை எப்படி வச்சிக்குவான்?" என்று என் மனைவியிடம் வீடு அதிரக் கத்தினேன்.

மகள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அது வெறும் கத்திப்பா" என்றாள்.

"கத்தியிலதான்மா ஆளு தெரியும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பையனின் அம்மா போன் செய்து, எப்போது தட்டு மாற்றலாம் என்று கேட்டார். "பாக்கலாம்கா" என்றேன். சம்பந்தம் பேசும்போது பெண்ணைப் பெற்றவன் அப்படிச் சொன்னால் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். போனை வைத்துவிட்டார்.

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. வேலை விட்டு வந்து எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பத்து நாள் இப்படியே போனது. "பிள்ளை முகத்தைப் பாருங்க. போயும் போயும் ஒரு கத்திக்கா இம்புட்டும்?" என்றாள் என் மனைவி. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்னதை எப்படித் திரும்ப விழுங்குவது?

அது மட்டமான கத்தி என்று இன்னொருவர் வாயாலும் கேட்டுவிட்டால் மனம் ஆறும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமாக நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ குடிக்கும் கடைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கார பாய் தினமும் கூடை கூடையாய் இறைச்சி வெட்டுகிறவர். வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமான்லா அண்ணே இது. ஸ்டெயின்லெஸ் இல்ல, கறுக்கிற இரும்பு. இதுலதான் கூர் நிக்கும். என் வெட்டுக்கத்தியப் பாருங்க, இப்படித்தானே இருக்கு. புளிப்பு எதையாச்சும் வெட்டிட்டுக் கழுவாம போட்டுட்டீங்களா?"

நான் தே தாரிக் கிளாஸைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"நீங்க ரப்பர் தோட்டத்து ஆளுதானே? பால் வெட்டுற கத்தியக் கண்டதில்லையா?" என்று சிரித்தார்.

கண்டதில்லையா! என் அம்மா பால் வெட்டிய கத்தி கறுப்புத்தான். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். டவுனுக்கு வந்த பிறகு கரண்டி முதல் தட்டு வரை பளபளப்பாகவே வாங்கி, கறுத்தால் மட்டம் என்று எப்போது என் தலையில் ஏறியதோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, மூடிக்கிடந்த மகளின் அறைக்கதவு நினைவுக்கு வந்தது. தே தாரிக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்தே காரை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் பையன் வீட்டுக்குப் போனேன். பையன் லாரி ஓட்டுகிறவன். வீட்டு வாசலில் லாரிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா வெளியே வந்தார். கதவை மறித்து நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"என்னண்ணே, என் மவனை எலுமிச்சம்பழத்துல உரசிப் பாத்து முடிச்சாச்சா?" என்றார். என் மகள் மூலமாக எல்லாம் வந்து சேர்ந்திருந்தது.

"தப்பு என் மேலதான்கா. கத்தி நல்ல கத்தி. நான்தான் கழுவாம..."

"கத்தி கெடக்கட்டும்ணே. ஹுத்தான் மெலிந்தாங்ல இருந்து ஒரு எடம் வந்திருக்கு. சாயங்காலம் அவங்களுக்குப் பதில் சொல்லணும். பொண்ணு குடுக்குறீங்களா, இல்லியா?"

பையன் தண்ணீரை அடைத்துவிட்டு என்னையே பார்த்தபடி நின்றான். நானும் அவனைப் பார்த்தேன். இடது புருவத்தின் குறுக்கே ஒரு பழைய தழும்பு. மூன்று முறை என் வீட்டில், என் எதிரில், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தவன். அந்தத் தழும்பை நான் அன்றுதான் பார்க்கிறேன்.

"குடுக்குறேன்கா" என்றேன். பிறகு அவன் பக்கம் திரும்பி, "அது எப்படிப் பட்டுச்சு தம்பி?" என்று கேட்டேன்.

"எது அங்கிள்?"

"புருவத்துல."

அவன் கை தானாகப் புருவத்துக்குப் போனது. அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அவர் கதவை விட்டு விலகி நின்றார்.

"உள்ள வாங்க அங்கிள், சொல்றேன்" என்றான்.