அக்காவின் பித்தளை வளையம்

என் அக்கா பல் செய்கிறவள். மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதை வைத்துப் பல்லுக்கு மேலே மாட்டும் கவசங்களை இவள் லேப்பில் செய்து கொடுப்பாள். இருபத்தாறு வருடமாக இதே வேலை. இந்த ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லை வைத்துத்தான் சிரிக்கிறார்கள், ஆனால் அவளைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள். அவள் வாய் அப்படி.

கல்யாணமான பதினோராவது மாதம் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில், வேலைப் பொருளைக் கவ்விப் பிடிக்க மேசை விளிம்பில் மாட்டுகிற இரும்பு வைஸ். ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டதற்கு, “அங்க இதை மாட்ட ஒரு மேசை கூடக் குடுக்கல” என்றாள். வேறு விளக்கம் இன்றுவரை கிடையாது. நானும் கேட்டதில்லை, கேட்டுத் திட்டு வாங்க எனக்கு என்ன தலையெழுத்தா?

நான் அவளுடைய தங்கை. என் வீடு குடிநீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருக்கிறது. ஆறு தூண்மேல் நிற்கிற பெரிய கான்கிரீட் தொட்டி. காலையில் அதன் நிழல் எங்கள் வரிசையில் ஒன்பது வீட்டை மூடும். அக்காவின் லேப் நூற்றைம்பது மீட்டர் தள்ளி, நாலாவது மாடியில். ஒருநாள் அந்தக் கட்டிடத்து மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவள் தொட்டியின் அடிவயிற்றில் கறுப்பாக ஒரு கோட்டைப் பார்த்தாள். கீழே நிற்கிற எங்களுக்குத் தூணும் குறுக்கு உத்திரங்களும்தான் தெரியும், அந்த இடத்தை அவை மறைத்துவிடும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினாள். கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர ஒன்றும் புரியவில்லை.

குடிநீர் அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். பொறியாளர் நல்ல உயரம், நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. “அது பாசிம்மா. மழை பெஞ்சா அப்படித்தான் இருக்கும்” என்றார். யாராவது ஏறிப் பார்த்தார்களா என்று அக்கா கேட்டாள். ஏணி துருப்பிடித்திருக்கிறதாம், ஆளை ஏற்ற முடியாதாம். ஏணியே துருப்பிடித்திருந்தால் தொட்டி எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதும் அவர் மேசைமேல் இருந்த கோப்பைப் புரட்டினார். தொட்டி இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்று வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஆட்சேபம் இருந்தால் புதன்கிழமைக் கூட்டத்தில் ஆதாரத்தோடு வரலாமாம்.

என் கணவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அலுவலக விழாக்களுக்கெல்லாம் அவர்தான் படம் எடுப்பார். ஆதாரத்துக்கு ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று அக்கா கேட்டதும் நழுவினார். “அவ்வளவு தூரம் இழுக்கற லென்ஸ் என்கிட்ட இல்ல அண்ணி. அதோட, எதுக்கு அவங்களோட வம்பு?” முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதுதான் காரணம். என் பிள்ளைகள் தூங்குகிற வீட்டுக்கு மேலே தொட்டி நிற்கிறது, இவருக்கு விழா ஆர்டர் முக்கியம். அன்று நான் அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

அக்கா நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போனாள். பித்தளைத் துண்டு வாங்க வழக்கமாகப் போகிற கடை. அங்கே குப்பையோடு குப்பையாகக் கிடந்த பழைய சினிமாக் கேமராவை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். விரல் அகலப் படச்சுருள் ஓடுகிற கேமரா. உடம்பு நொறுங்கிப் போயிருந்தது, லென்ஸ் மட்டும் முழுசாக இருந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு நீள லென்ஸ். அவளிடம் உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் கேமரா ஒன்று உண்டு. லென்ஸைக் கழற்றி மாற்றுகிற வகைதான், ஆனால் உள்ளே படம் விழுகிற இடம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

“பொம்மைக் கேமராவுக்குக் குப்பைக் கண்ணாடியா?” என்று என் கணவர் சிரித்தார்.

“பெரிய கேமராவுல இதை மாட்டினா சுத்தி இருட்டுதான் தெரியும் மாப்பிள்ளை. என்னோடது சின்னதுங்கறதால நடுவுல இருக்கறதை மட்டும் எடுத்துக்கும். தூரத்துல இருக்கறது கிட்ட வந்துடும்.”

லென்ஸையும் கேமராவையும் சேர்க்க ஒரு வளையம் வேண்டும். கடையில் கிடைக்காது, வரவழைக்க நாள் இல்லை. அவள் கேமராவை நோயாளி மாதிரி வாயைத் திறந்து உட்காரவைத்து, பல்லுக்கு எடுக்கிற அதே பசையில் அச்சு எடுத்தாள். லென்ஸின் திருகு மரைக்கும் ஒரு அச்சு. மெழுகில் வளையம் செய்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, குளிரவைத்து, ராவினாள். திங்கள் மாலை மாட்டிப் பார்த்தாள். தெருமுனைத் தையல்கடைப் பலகையில் சின்ன எழுத்துக்கூடப் பளிச்சென்று விழுந்தது. மறுநாள் தொட்டியை எடுத்தாள். திரையில் ஏதோ மங்கலாகத்தான் இருந்தது. திரை சின்னது, அச்சுப் போட்டால் சரியாக வரும் என்று நினைத்துவிட்டாள்.

புதன்கிழமை, அச்சுக்கடையில் வாங்கிய உறையைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் அதைத்தான் மேசைமேல் வைத்தாள். பொறியாளர் படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். “மேகத்தைப் படம் எடுத்திருக்கீங்களா?” அறையே சிரித்தது. எங்கள் வரிசைக்காரர்களும் சிரித்தார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். ஒன்பது வீட்டுக்காரர்களும் அந்தத் தொட்டிக்குக் கீழேதானே படுத்து எழுந்திருக்கிறோம்? அக்கா படத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு முன்னாடி வருவேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

லேப்புக்கு வந்து படத்தை விளக்கடியில் விரித்து வெகுநேரம் பார்த்தாள். தொட்டி கலங்கலாக இருந்தது. ஆனால் படத்தின் கீழ்விளிம்பில், பாதித் தூரத்தில் இருக்கும் ஒரு மாடியின் துணிக்கொடி விழுந்திருந்தது. அதிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு கூர்மை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“சிமெண்டுக்கு இடம் விட்டுத் தொலைச்சிருக்கேன்டி.”

பல்லுக்கும் கவசத்துக்கும் நடுவே சிமெண்டு போக ஒரு முடி அளவு இடம் விடவேண்டும். இருபத்தாறு வருடமாக விட்டு விட்டு, இங்கேயும் கை தானாக விட்டுவிட்டது. ஆனால் இந்த வளையத்தில் ஒட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அந்த முடி அளவுக் கனத்தால் லென்ஸ் தள்ளி நின்றது. தெருமுனைவரை பார்த்தது, அதற்கு மேல் அதற்குக் கண் தெரியவில்லை.

கண்ணாடிப் பலகைமேல் நனைத்த உப்புத்தாளை விரித்து வளையத்தைத் தேய்த்தாள். பத்துத் தேய், ஒரு பார்வை. சரியாக வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஏன் என்றேன். “குறைஞ்சா பரவாயில்ல, லென்ஸைக் கொஞ்சம் திருகிக்கலாம். கூடினா ஒன்னும் பண்ண முடியாது. இன்னொரு தடவை அந்த ஆள் சிரிக்கக்கூடாது.”

வியாழன் காலை வெயில் தொட்டியின் அடியில் சாய்வாக விழுந்தபோது எடுத்தாள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். பாசியும் இல்லை, கறையும் இல்லை. கான்கிரீட் பாளமாகப் பெயர்ந்து, துருவேறிய கம்பி மூன்று வெளியே வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே என் வீடு.

வெள்ளிக்கிழமை பொறியாளர் படத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் விடவில்லை. “பழைய இரும்புக் கடைக் கண்ணாடி, வீட்டுல செஞ்ச வளையம். இதை எப்படிம்மா ஆதாரம்னு எடுத்துக்கறது?”

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். “உங்க முன்பல் ரெண்டும் நான் செஞ்சது சார், சிரிச்சப்பவே கண்டுக்கிட்டேன். இடதுபக்கப் பல்லுல ஓரமா லேசா மஞ்சள் வெச்சேன், பக்கத்துப் பல்லோட சேரணும்னு. அஞ்சு வருஷமா அதுலதான் கடிக்கிறீங்க. அது முடி அளவு தப்பியிருந்தா நீங்க இப்படிச் சிரிச்சிருக்க முடியாது. இந்த வளையமும் அதே கை செஞ்சதுதான். நம்பலைன்னா ஏறிப் பாருங்க. நான் ஏணியைப் பிடிச்சுக்கறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பொறியாளரின் நாக்கு உதட்டுக்குள்ளே முன்பல்லைத் தொட்டுப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். பேனாவை மூடி வைத்தார்.

அன்று மதியமே சாரம் கட்டி ஆள் ஏறினான். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மேலே ஒரே ஒரு தட்டுத் தட்டினான். கதவு அகலப் பாளம் ஒன்று என் முற்றத்தில் வந்து விழுந்தது, பிள்ளைகள் சைக்கிள் விடுகிற இடத்தில். மாலைக்குள் தொட்டியைக் காலி செய்தார்கள்.

புதுத் தொட்டி கட்டுகிறவரை லாரித் தண்ணீர்தான். வரிசையில் குடத்தோடு நிற்கும்போது எனக்குக் கேட்கவேண்டுமென்றே பேசுகிறார்கள்: “ஒருத்தி சும்மா இருந்திருந்தா குழாய்ல தண்ணி வந்திருக்கும்.” நேற்று பொறுக்காமல் அக்காவிடம் போய்ப் புலம்பினேன். என் கணவர் அங்கே ஏற்கெனவே இருந்தார், தன் பெரிய கேமராவிலும் வேறொரு பழைய லென்ஸை மாட்ட ஒரு வளையம் செய்து தரமுடியுமா என்று தலையைச் சொறிந்துகொண்டு.

அக்கா யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“திட்டட்டும்டி. திட்டறதுக்கு ஒன்பது வீட்டு ஆளுங்களும் முழுசா இருக்காங்கல்ல.”