சுவரைப் பார்த்துப் பேசிய இங்கிலீஷ்

பாடம் சொல்லித்தர வந்த டீச்சர். பலமனேர்ப் பெண், வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணன். அறைகளுக்குக் காபியும் டிபனும் கொண்டுபோகும் ஆள். முதல் மாடியைப் பெருக்கும் அக்கா, அவள் தங்கை. லாட்ஜ் கார் ஓட்டும் என் மருமகன். மூன்றாம் மாடியைப் பெருக்கும் நான்.

மொத்தம் ஏழு பேர். இடம், திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் நாங்கள் வேலை செய்யும் லாட்ஜின் கீழ்த்தளம். துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. தினமும் பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு.

நாங்கள் கேட்டு வந்த வகுப்பு இல்லை. லாட்ஜ் கை மாறியது. புதிதாக வந்த மேனேஜர் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தங்கிப் போகிறவர்கள் அதில் ஏதோ எழுதுகிறார்களாம், வேலைக்காரர்களுக்குப் பேச வரவில்லை என்று எழுதிவிட்டார்களாம். ஒரு மாதம் வகுப்பு, கடைசியில் தன் எதிரில் பரீட்சை என்றார். தேறாதவர்களை நிறுத்திவிட்டு வெளியாட்களை வைத்துக்கொள்வாராம். தெலுங்கில்தான் சொன்னார். நன்றாகவே புரிந்தது.

என் மாடியில் பதினான்கு அறை. வருகிறவர்கள் சாமி பார்க்க வருகிறவர்கள். தமிழில் கேட்பார்கள், தெலுங்கில் கேட்பார்கள், கன்னடத்தில் கேட்பார்கள். எல்லாரும் கேட்பது மூன்றுதான். வெந்நீர், துண்டு, இன்னொரு தலையணை. இந்த மூன்றுக்கும் கையைக் காட்டினாலே போதும். இதைச் சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நான் ஆறாவது வரை படித்தவள், சித்தூரில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். டீச்சர் இங்கிலீஷைத் தெலுங்கில் விளக்குவாள். அதை நான் தமிழில் யோசித்து, திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுபோவதற்குள் அவள் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பாள். பாடப் புத்தகம் யாருக்காக அச்சடித்ததோ தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் லாட்ஜில் கூட்டம் அதிகம். உன் பொழுதுபோக்கு என்ன என்று கேட்கிறது.

டீச்சர் என்னை எழுப்பி அதைக் கேட்டாள்.

“ஸ்லீப்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. தூக்கம் பொழுதுபோக்கு ஆகாது, புத்தகம் படிப்பது என்று எழுதுங்கள் என்றாள். ஐந்து பேர் எழுதினோம். வாட்ச்மேன் அண்ணனுக்கு எழுதத் தெரியாது. அவருக்குப் பக்கத்து ஆள் எழுதிக் கொடுத்தார், புத்தகம் படிப்பதுதான் அவர் பொழுதுபோக்கு என்று.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம்தான் விவகாரம் வந்தது.

பரீட்சைக்கு இரண்டிரண்டு பேராக வர வேண்டுமாம். ஒருவர் தங்க வந்தவர், ஒருவர் வேலை செய்கிறவர். அப்படி நடித்துக் காட்ட வேண்டும். டீச்சர் சோடி சேர்த்தாள். அக்காளும் தங்கையும் ஒரு சோடி. வாட்ச்மேன் அண்ணனும் காபி ஆளும் ஒரு சோடி. மிச்சம் இருந்தது என் மருமகனும் நானும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரில் வரமாட்டாள். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்காரமாட்டாள். முகம் பார்த்துப் பேசமாட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. மரியாதை. இப்போது சில வீடுகளில் விட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. வகுப்பில்கூட அவர் முன்னால் ஓரமாக, நான் மற்றவர்களுக்குப் பின்னால் தள்ளி. மகளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். இந்தப் பதினொரு வருடத்தில் அவரும் நானும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. திருப்பதியில் அவர்கள் வீட்டுக்குப் போனால் சோறு ஆகிவிட்டது என்று மகளிடம் சொல்வேன், அவர் காதில் விழும். உப்பு போதவில்லை என்று அவர் மகளிடம் சொல்வார், என் காதில் விழும். அவள் கடைக்குப் போன நேரத்தில் இருவரும் சுவருக்குச் சொல்வோம்.

நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதையும் வாட்ச்மேன் அண்ணனிடம்தான் சொல்லி அனுப்பினார். லாட்ஜில் அவர் முன்வாசலில் நின்றால் நான் பின்பக்கப் படியில் ஏறிவிடுவேன். மூன்று மாடி. முழங்கால் வலிதான். பழகிவிட்டது.

டீச்சர் பெயர்களைப் படித்ததும் நான் எழுந்து விரிப்பு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் கதவுப் பக்கம் போய்விட்டார்.

“ஏம்மா, எக்கடிக்கி?” எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள் டீச்சர்.

வாட்ச்மேன் அண்ணன்தான் விளக்கினார். “மாமியார், மருமகன் டீச்சர். பேசிக்கமாட்டாங்க. பதினோரு வருசமா நடுவுல டெலிபோன் கம்பி நான்தான்.”

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். சோடியை மாற்றச் சொன்னேன். பெயர்களை எழுதி மேனேஜரிடம் கொடுத்தாயிற்று என்றாள். கொடுத்த பிறகா எங்களிடம் படிப்பது? கேட்டேன். அவர் காரில் கூட்டி வருகிறவர்தானே உங்கள் அறைக்கு வருகிறார், அதனால்தான் சேர்த்தேன் என்றாள். அவளுக்கு அது பொருத்தமாகப் பட்டிருக்கிறது.

மறுநாள் ஒத்திகை. தாளில் இருந்தது இவ்வளவுதான். தங்க வந்தவர் அறை சுத்தமில்லை என்பார். வெந்நீர் வரவில்லை என்பார். இரண்டு தடவை கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்று கோபப்படுவார். வேலை செய்கிறவள் மன்னிப்புக் கேட்டு, இப்போதே சுத்தம் செய்கிறேன் என்பாள். அவர் தங்க வந்தவர். நான் நான்தான்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு என் வரிகளைச் சொன்னேன்.

“ஏம்மா, கோடதோ மாட்லாடதாரா?” சுவரோடு பேசுவீர்களா என்று கேட்டாள் டீச்சர். “கண்ணு! கண்ணு சூடண்டி!”

கண்ணைப் பார்க்க வேண்டுமாம். நான் என் வாளியைப் பார்த்தேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். அவர் வாயே திறக்கவில்லை.

“இன்னாப்பா, நான் வேணா நடுவுல நிக்கட்டுமா?” என்றார் வாட்ச்மேன் அண்ணன். நின்றும் விட்டார். மருமகன் அவர் காதில் ஏதோ சொன்னார். அண்ணன் என் பக்கம் திரும்பி, “ஏம்மா, ரூம் க்ளீனா இல்லியாம். அவரு சொல்லல, தாள்ல எழுதிக்கீதாம். கோச்சுக்காதயாம்” என்றார்.

அக்காளும் தங்கையும் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

இப்படியே இரண்டு வாரம். விடியற்காலை சித்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்தால் புத்தலப்பட்டு வருவதற்குள் என் வரிகள் நான்கும் இரண்டு தடவை வந்துவிடும். வாய் தப்பாது. லாட்ஜுக்குள் நுழைந்து கார் நிற்பதைப் பார்த்தால் போதும், வாய் மூடிக்கொள்ளும். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் ஒரு நாள், “இன்னா, ஜெபமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மகள் போனில் பேசினாள்.

“நீ ஏம்மா இதுக்குப் போய் உயிரை வுட்டுக்கினு கீற? வேலை போனா போவுது. சித்தூர் வூட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடு. ரெண்டு ரூம் கீதே.”

“ஒண்ணுல அவரு, ஒண்ணுல நானு. நடுவுல நீ எத்தினி நாளு நின்னுக்கினு இருப்ப?”

“அதுக்கின்னா பண்றது?”

“கக்கூஸ் எந்த ரூம் பக்கம் கீது?”

அது அவர் இருக்கும் அறை வழியாகத்தான் போக வேண்டும். எனக்குத் தெரியும்.

“அவரு இன்னா சொல்றாரு?” என்றேன்.

“அத்தையைத் திட்டச் சொன்னா நான் எப்படித் திட்டறதுன்னு கேக்கறாரு. சரியாவே துன்னறதில்ல.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனுஷன் தாளில் இருக்கும் மூன்று வரியைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. என்னைச் சொல்கிறேனா, அறையைச் சொல்கிறேனா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டாமா? பிறகு நினைத்தேன். அந்த அறையைப் பெருக்குகிறவள் நான்தான். அவருக்கும் வழியில்லை.

வேலை போனால் வாடகை கொடுக்க வழியில்லை, சித்தூர் வீடு போகும். வீடு போனால் அவர் வீட்டில் போய் விழ வேண்டும். அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவரைப் பார்த்துப் பேச வேண்டும். நிலைமை அதுதான்.

பரீட்சை நாள் வந்தது. அதே அறை. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்காளும் தங்கையும் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தேறிவிட்டார்கள். வாட்ச்மேன் அண்ணன் நடுவில் மறந்துபோய் ஒரு சல்யூட் அடித்தார். மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. அவரும் காபி ஆளும் தேறிவிட்டார்கள்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மருமகன் வந்து நின்றார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்கவில்லை. மேனேஜர் பேனாவைத் தாளில் தட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். எழுதப் போகிறார் என்று தெரிந்தது.

நான் திரும்பினேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது. பதினொரு வருடமாக எனக்குத் தெரியாது.

“எஸ் சார். ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

“ரூம் வெரி குட், மேடம்” என்றார்.

வாட்ச்மேன் அண்ணன் வெளியே ஓடிவிட்டார், சிரிப்பதற்கு. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். கம்ப்ளெயின்ட் சொல்ல வேண்டும் என்றார் மேனேஜர்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வாரம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்தது இதற்காகவா?

“நோ சார். ரூம் நாட் குட்” என்றேன்.

“வெரி க்ளீன், மேடம்.”

“ஹாட் வாட்டர் நாட் கமிங். யூ டெல்.”

“ஹாட் வாட்டர் கமிங், மேடம்.” குரல் அழுகிற மாதிரி இருந்தது.

இனி இந்த ஆளை நம்பிப் பயனில்லை. அவர் வரிகளையும் நானே எடுத்துக்கொண்டேன்.

“யூ காலிங் டூ டைம்ஸ். நோபடி கமிங். வெரி சாரி, சார். ஐ க்ளீன் நௌ.”

“தேங்க் யூ, மேடம்” என்றார். கும்பிட்டார்.

மேனேஜர் டீச்சரைப் பார்த்து, தங்க வருகிறவர் குறை சொல்வதற்கு முன்னால் இந்தம்மாவே குறையைக் கண்டுபிடித்துவிடுகிறார், இதைத்தான் நான் மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். தாளில் என் பெயருக்கு எதிரில் தேறியதற்கு ஒரு கோடு இழுத்தார். அவர் பெயருக்கு எதிரிலும் இழுத்தார், கார் ஓட்டுகிறவர் இப்படி மரியாதையாக இருந்தால் போதும் என்று. டீச்சர் எங்கள் இருவரையும் பார்க்காமல் புத்தகங்களைப் பைக்குள் போட்டாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படி ஏறினேன். அன்றைக்குப் பதினான்கு அறையும் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். லாட்ஜ் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. நான் தூணுக்குப் பின்னால் போவதற்குள் குரல் வந்துவிட்டது.

“மேடம், சித்தூர் பஸ்.”

கை நீட்டிக் காட்டினார். பஸ் அந்தப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் கவனித்திருக்கவில்லை.

“தேங்க் யூ, சார்” என்றேன். ஓடிப் போய் ஏறினேன்.

அதன் பிறகு வகுப்பு இல்லை. டீச்சர் வேறொரு லாட்ஜுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் ஆகிறது. சித்தூர் வீட்டில்தான் இருக்கிறேன். மகள் வீட்டுக்குப் போனால் சோறு ஆகிவிட்டது என்று மகளிடம் சொல்கிறேன். உப்பு போதவில்லை என்று அவர் மகளிடம் சொல்கிறார். அவர் முன்வாசலில் நின்றால் நான் பின்பக்கப் படி. இங்கிலீஷ் பேச வேண்டிய ஆள் இதுவரை என் மாடிக்கு ஒருவரும் வரவில்லை.

நேற்று பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவரும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது, அறையில் பேசியதும் பஸ் ஸ்டாண்டில் பேசியதும் சேர்த்து, இன்றுவரை பதினாறு வாக்கியம்.