ஆமினா பீவியின் பச்சைத் துணி

பஞ்சவர்ணத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் துணி கண்ணில் பட்டாலும் அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு தேய் தேய்த்துப் பார்ப்பாள். கடைத் துணி, வீட்டுத் திரைச்சீலை என்று மட்டுமல்ல, ரயிலில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணின் துப்பட்டா நுனிகூட அந்த இரண்டு விரல்களுக்குத் தப்பாது. சின்ன வயதில் மகள் நிரஞ்சனாவுக்கு அது பெரிய மானக்கேடு.

"கைய எடும்மா, அவங்க பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டும். பட்டுன்னு சொல்லி யாரோ தலைல கட்டிட்டாங்க, பாவம்."

தேக்கா சந்தை மாடியில் ஒரு சின்னத் தையல் கடையில் உட்கார்ந்துதான் பஞ்சவர்ணம் மகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்தாள். கணவர் நடேசன் பேருந்து ஓட்டினார். இரண்டு பேர் வீட்டிலும் நிரஞ்சனாவுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியதில்லை. பட்டமளிப்பு நாளில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, பஞ்சவர்ணம் மகளின் கறுப்பு அங்கியைத் தேய்த்துப் பார்த்து, "சுமார்தான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

இப்போது அவள் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள்.

இது தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில். வெள்ளிக்கிழமைகளில் பஞ்சவர்ணம் விரதம் இருப்பாள். மற்ற நாட்களிலும் அவள் தண்ணீர் குடிப்பது குறைவுதான். கழிவறைக்கு எழுந்து போனால் வந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. அந்த வாரம் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சலும் வந்தது. இரண்டு பனடால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வெள்ளி மாலை புக்கிட் பாஞ்சாங் வீட்டில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சிப் படைத்தார்கள். நடேசனின் தங்கை பாக்கியலட்சுமி மகன் ரஞ்சனோடு வந்திருந்தாள். கர்ப்பூரம் ஏற்றிய நேரத்தில் பஞ்சவர்ணத்துக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டியது. கண் மேலே செருகியது.

"வந்துட்டா ஆத்தா" என்று பாக்கியம் கை கூப்பினாள்.

யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆடி வெள்ளியில் பஞ்சவர்ணத்துக்கு அருள் வருவது வழக்கம். கொஞ்ச நேரம் ஆடுவாள், திருநீறு கொடுப்பாள், பிறகு சுவரில் சாய்ந்து தண்ணீர் கேட்பாள். அதனால் நடேசன் அவள் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். பழம் உருண்டு விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார்.

"ஆத்தா, ரஞ்சனுக்கு இந்தத் தடவையாவது குலுக்கல்ல அரசாங்க பிடிஓ வீடு விழுமா?" என்று பாக்கியம் கேட்டாள்.

பஞ்சவர்ணம் நாக்கு குழற ஏதோ சொன்னாள். விழும் என்றுதான் சொன்னாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நிரஞ்சனாவும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றாள். அம்மாவின் உதடு ஏன் வெளுத்திருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. சாமியிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

அப்போதுதான் இரண்டு வீடு தள்ளி இருந்த ஆமினா பீவி வாசலுக்கு வந்தார். ஆடி வெள்ளிக்குப் பழத்தட்டு கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். எப்போதும் கம்பிக்கதவுக்கு வெளியிலேயே நிற்பவர் அன்று பஞ்சவர்ணத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நேராகப் போய் அவள் கையைப் பிடித்தார்.

"கை ஜில்லுன்னு கெடக்கு. நகமெல்லாம் நீலமா இருக்கு பாரு. நடேசா, இது சாமி இல்லப்பா. எங்க வீட்டுக்காரர் போனப்பவும் இப்படித்தான் நடுங்குனாரு. ஆம்புலன்ஸக் கூப்புடு."

பஞ்சவர்ணம் கையை உதறினாள். அதுவரை குழறிய நாக்கு அப்போது மட்டும் தெளிவாகப் பேசியது.

"புருஷன முழுங்குனவளே, என்னையும் முழுங்க வந்தியா? வெளிய போடி."

ஆமினா பீவி ஓரடி பின்வாங்கினார். "ஆத்தா கோவமா இருக்கா, நீங்க போயிடுங்க" என்று பாக்கியம் மெல்லச் சொன்னாள். அவர் போனார். ஆனால் தம் வீட்டுக்குப் போகவில்லை. வெளித் தாழ்வாரத்திலேயே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம் கைப்பேசியிலிருந்து ஆம்புலன்ஸை அழைத்தார்.

சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அதை எதிர்க்கப் போன உடம்பு தன் உறுப்புகளையே அடிக்கத் தொடங்கிவிட்டது, இதற்குப் பெயர் செப்சிஸ், இன்னும் கொஞ்ச நேரம் வீட்டில் இருந்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வழியாக மூச்சு, இயந்திரத்தின் வழியாக ரத்தச் சுத்திகரிப்பு. உயிரைக் காக்க ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து கொடுத்தார்கள். அதில் கைகால் நுனிகளுக்கு ரத்தம் போகவில்லை. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனியும் கறுத்தன. இடது காலில் இரண்டு விரல்கள். அவற்றை எடுத்துவிட்டார்கள்.

தீபாவளி கழிந்துதான் பஞ்சவர்ணம் வீடு திரும்பினாள். பிழைத்து வந்துவிட்டாள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நிரஞ்சனா நினைத்தாள். அப்படி எதுவும் ஆகவில்லை. குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்கி அம்மா படுத்துவிடுவாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அடுப்பில் எதை வைத்தோம் என்பது மறந்துபோயிற்று. கத்தரிக்கோல் என்ற வார்த்தை வாயில் வராமல், "அந்த, வெட்டுறது, வெட்டுறது" என்று கையை ஆட்டிவிட்டு அழுதாள். ரயில் கதவு மூடும்போது ஒலிக்கும் பீப் சத்தம் ஆஸ்பத்திரி இயந்திரங்களை நினைவூட்ட, வியர்த்துப்போய் மகளின் தோளைப் பிடித்துக்கொள்வாள். பார்க்க வந்தவர்கள், "நல்லாத்தானே இருக்கீங்க, கொஞ்சம் மெலிஞ்சிருக்கீங்க, அவ்வளவுதான்" என்றார்கள்.

தேக்கா கடையை விட்டுவிட்டார்கள். நடேசன் மூட்டை மூட்டையாகத் துணிகளைக் கொண்டுவந்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். ஒன்று மட்டும் மிஞ்சியது. வெளிர்பச்சைப் பட்டு, மேலாடையும் பாவாடையுமாக பாஜு கூரோங் என்னும் மலாய் உடை தைப்பதற்கு வெட்டி, குண்டூசி குத்தி மடித்திருந்தது. பேத்தி ஷபானாவின் நிக்காஹுக்கு உடுத்த ஆமினா பீவி கொடுத்த துணி. நிக்காஹ் முடிந்துவிட்டிருந்தது. ஆமினா பீவியும் மகன் ரவூப்போடு குவீன்ஸ்டவுனுக்குக் குடிபோய்விட்டிருந்தார்.

"ஆமினா அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களா?" என்று பஞ்சவர்ணம் அடிக்கடி கேட்பாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் நினைவில் அறவே இல்லை. வந்தார், அவள் மயக்கத்தில் இருந்தாள் என்று நிரஞ்சனா பொய் சொன்னாள். உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அது யாருக்காக என்று அவளுக்கே தெளிவில்லை.

பாக்கியம் ஒருநாள் வந்து, தேநீர் குடித்துக்கொண்டே போட்டு உடைத்தாள். "அண்ணி, அன்னைக்கு நீங்க அந்த ஆமினாவ வெரட்டுன வெரட்டு இன்னும் கண்ணுல நிக்குது லா."

நிரஞ்சனா சமையலறையிலிருந்து கண்ணைக் காட்டினாள். பாக்கியம் பார்க்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், அந்த வாக்கியம் உட்பட.

"நானா?" என்றாள் பஞ்சவர்ணம். "அக்காவப் பாத்தா?"

பாக்கியம் போன பிறகு நிரஞ்சனா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அது நீ இல்லம்மா. டெலிரியம்னு சொல்வாங்க. காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டா என்ன பேசறோம்னே தெரியாது. டாக்டரே சொன்னாரு."

"சாமி இல்ல?"

"சாமி இல்ல."

"சரி, காய்ச்சல்தான் பேசுச்சு. அதுக்கு அந்த வார்த்த எங்கேர்ந்து கெடச்சுது?"

நிரஞ்சனா இரண்டு வாரம் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள். குழப்பம் எப்படி வருகிறது, எவ்வளவு நாள் இருக்கும் என்பதெல்லாம் கிடைத்தது. நோயாளியின் வாயில் வரும் வார்த்தை யாருடையது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அம்மா விழிப்பில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. ஆனாலும் அந்த வார்த்தை இந்த வீட்டில் யாருக்கும் புரியாமல் போகவில்லையே. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் உடனே புரிந்தது.

அக்காவை நேரில் பார்க்க வேண்டும் என்று பஞ்சவர்ணம் பிடிவாதம் பிடித்தாள். தொலைபேசியில் பேச மறுத்தாள். முதல் முறை போனபோது ரயில் மாறும் இடத்திலேயே கால் துவண்டுவிட்டது. புவன விஸ்தா நிலையத்தில் ஒரு இருக்கையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினார்கள். இரண்டாம் முறை, கொட்டிய முடியை மறைக்கத் தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, மகளைப் பிடித்தபடி குவீன்ஸ்டவுன் வரை போய்ச் சேர்ந்தாள்.

ஆமினா பீவி கதவைத் திறந்து சற்று நேரம் பார்த்தார். "வர்ணமா? முக்காடு போட்டுட்டு வந்து நிக்கிற, எங்க சொந்தக்காரி யாரோன்னு நெனச்சேன்."

பஞ்சவர்ணம் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

தேநீர் வந்தது. கோப்பையின் காது பிடிபடாமல் அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தினாள். ஆமினா பீவியின் கண் அந்த விரல்களில் நின்றது. உள்ளே போய்ப் பிடியில்லாத பெரிய கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து தேநீரை அதில் மாற்றி ஊற்றினார்.

"அக்கா, நான் அன்னைக்கு..."

"கேக்காத."

"எனக்கு ஞாபகமே இல்ல அக்கா. இவங்க சொல்லித்தான் தெரியும்."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் ஆமினா பீவி. குரல் உயரவில்லை. "கைய உதறுனது, வெரட்டுனது, அதெல்லாம் காய்ச்சல்னு வச்சுக்கிட்டேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் எங்க வைக்கறதுன்னு தெரியல. ரெண்டு வீடு தள்ளி பதினெட்டு வருஷம் இருந்திருக்கேன். அவர் மையத்தத் தூக்கிட்டு வெளிய போனப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நீ. நீ இப்ப மன்னிப்பு கேட்டா நான் சரின்னு சொல்லணும். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வேற என்ன சொல்றது? மனசுல இல்லாம சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

நிரஞ்சனா குறுக்கே வந்தாள். "பெரிம்மா, நீங்கதான் அம்மா உயிரக் காப்பாத்துனீங்க."

"அது வேற, இது வேற. நீ தேத்தண்ணி குடி."

கீழே பேருந்து ஒன்று வந்து நின்று போயிற்று. பிறகு ஆமினா பீவி கேட்டார், "என் துணி எங்க?"

"வெட்டிட்டேன் அக்கா. தைக்கல."

"நிக்காஹுக்கு ரெடிமேடு வாங்கிப் போட்டேன். அக்குள்ல பிடிச்சுது. ஃபோட்டோ பூரா மொறச்சுக்கிட்டு நிக்கிறேன்." முதல் முறையாக அவர் உதட்டோரம் அசைந்தது. "தைச்சுக் குடு. வேற யார் கையிலயும் குடுக்காத. அதப் போட்டுக்கிட்டு உன் வீட்டுக்கு வரேன். அன்னைக்குக் கேளு. பதில் சொல்றேன்."

"அக்கா, இந்தக் கைய வச்சுக்கிட்டா?"

"அவசரம் ஒண்ணும் இல்லையே."

அன்றிலிருந்து பஞ்சவர்ணத்துக்கு மற்ற வேலைகள் எல்லாம் இரண்டாம்பட்சமாயின. காலையில் உடம்பு ஒத்துழைக்கும் சிறு பொழுதில் இயந்திரத்தின் முன்னால் உட்காருவாள். துணி கைக்குத் தெரியவில்லை என்று கன்னத்தில் வைத்து நல்ல பக்கம் எது என்று கண்டுபிடிப்பாள். ஊசியில் நூல் கோக்க இடது கையைப் பழக்கினாள். மரத்துப்போன விரலில் ஊசி ஏறியது தெரியாமல், பச்சையில் சிவப்புப் பொட்டு விழுந்த பிறகுதான் பார்த்தாள். அன்று உட்கார்ந்து கறையைத் துவைத்ததோடு சரி, அடுத்த ஒரு வாரம் எழுந்திருக்க முடியவில்லை.

"நான் தைக்கட்டுமா? சொல்லிக் குடு" என்று நிரஞ்சனா ஒருநாள் கேட்டாள்.

"உன் கடன் இல்லடி இது."

பாவாடை முடிந்தது. மேலாடையின் உடலும் முடிந்தது. சட்டையின் இடது கையும் தைத்து ஏறியது. வெள்ளிக்கிழமைதோறும் மாலைத் தொழுகை நேரம் கழித்து ஆமினா பீவி அழைப்பார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது நிரஞ்சனாவின் காதில் விழும்.

"என்ன, என் துணி என்னாச்சு?"

"வலது கை மட்டும் பாக்கி அக்கா."

"போன மாசமும் இதத்தான் சொன்ன."

"கை நடுங்குது அக்கா."

"எனக்கும்தான் முட்டி வலிக்குது. சாப்டியா?"

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது, நாற்காலி முதுகில் அந்த மேலாடை இரண்டு கைகளோடும் முழுதாகத் தொங்குவதை நிரஞ்சனா பார்த்தாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. மறுநாள் மாலை வந்தபோது வலது கை தனியாகப் பிரிந்து மேசைமேல் கிடந்தது. பச்சை நூல் துண்டுகள் தரையெங்கும் சிதறியிருந்தன.

"வளைவு சரியா வரல" என்றாள் பஞ்சவர்ணம், கேட்பதற்கு முன்னாலேயே.

நிரஞ்சனா அந்தத் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசி போன தடம் துணியில் இன்னும் தெரிந்தது. ஒரு இடத்திலும் கோணாமல், சீராக வளைந்து போயிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். தைக்க முடியாமல் பிரித்தாளா, பதிலுக்குப் பயந்து பிரித்தாளா? வாரா வாரம் வரும் இந்த வெள்ளிக்கிழமை அழைப்பு நின்றுவிடும் என்று பயந்தா? கேட்டால் அம்மாவுக்கே தெரியுமோ என்னவோ.

பஞ்சவர்ணம் துண்டை வாங்கிக் கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு மடித்தாள். கைப்பேசி ஒலித்தது. வெள்ளிக்கிழமை.

"இன்னும் கை ஏறல அக்கா" என்றாள்.