பாயே முட்

போலீஸ் பயிற்சி என்றால் துப்பாக்கி, ஜீப், திருடன் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அதெல்லாம் கிடையாது. திரும்பச் சொல்வார்கள், திரும்ப வேண்டும். வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம். மாதக்கணக்கில் இதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் கான்ஸ்டபிள் பயிற்சியில் நான் செய்ததில் பாதி, வெயிலில் நின்ற இடத்திலேயே திரும்பியதுதான்.

நான் புனேயிலேயே, தாபோடியில் பிறந்தவள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். நான் படித்தது மராத்திப் பள்ளியில். ஆனாலும் நாங்கள் தங்கிய பாரக்கில் முதல் நாளே எனக்கு ‘மத்ராசி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் பீட், லாத்தூர் என்று எங்கிருந்தோ எஸ்.டி. பஸ் ஏறி வந்தவர்கள். புனேக்காரியான நான் வெளியூர்க்காரியாம்.

நான் போலீஸில் சேர்வது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. குடியாத்தத்தில் அத்தை மகன் ஒருவன் தயாராக இருந்தான். அம்மா அழுது அப்பாவை ஒரு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரே தடவையில் பயிற்சியை முடித்துவிட்டால் அப்பா கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார். பெயிலாகி அடுத்த பேட்சுக்குத் தள்ளினால் நான் வாயைத் திறக்காமல் குடியாத்தம் போக வேண்டும். சட்டப் பாடம் எனக்குப் பயமில்லை. ஓட்டமும் பயமில்லை. என்னைக் கவிழ்க்கப் பார்த்தது இடப்பக்கம் திரும்புவதுதான்.

டிரில் உத்தரவெல்லாம் இந்தியில். ‘பாயே முட்’ என்றால் இடப்பக்கம் திரும்பு. டிரில் சொல்லிக்கொடுப்பவரை உஸ்தாத் என்போம். எங்கள் உஸ்தாதின் கன்னத்தில் எந்நேரமும் புகையிலையும் சுண்ணாம்பும் அடைத்திருக்கும். உதட்டைச் சேர்த்துப் பிரித்தால் சாறு தெறிக்கும் என்று பாதி உதட்டிலேயே கத்துவார். ‘பா’ என்பது ‘வா’ என்று வரும். “வாயே… மூட்!”

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் அதிகம் சொன்னது இதைத்தான். வாயை மூடு. ஸ்கூல் டூர் போகிறேன் என்றாலும் வாயை மூடு, போலீஸில் சேர்கிறேன் என்றாலும் வாயை மூடு. அதே குரலில், தமிழே தெரியாத சதாராக்கார உஸ்தாத் மைதானத்தின் நடுவில் நின்று கத்தினால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது? சிரித்தேன். திரும்பாமல் நின்று சிரித்தேன்.

புனேத் தெருவில் ரகடா என்றால் பட்டாணிக் குழம்பு. பயிற்சிப் பள்ளியில் ரகடா என்றால் தண்டனை, ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவது. ஓடினேன். மறுநாளும் சிரித்தேன், மறுநாளும் ஓடினேன். பக்கத்துக் கட்டில் பீட்காரி காரணம் கேட்டாள். சொன்னேன். அவளிடம் சொன்னது பாரக் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த காலையில் இடப்பக்கம் என்றதும் பிளாட்டூனே குலுங்கியது. எல்லோருக்கும் ரகடா. ஓடும்போது எல்லோரும் என்னைத் திட்டினார்கள். சிரித்தது அவர்கள், குற்றம் என் மேல்.

உஸ்தாத் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, மத்தியானம் முழுக்க அந்த உத்தரவை என்னையே கத்த வைத்தார். தொண்டை கட்டியது. சிரிப்பு மட்டும் போகவில்லை. பயிற்சி முடியும் நாளில் நடக்கும் பாசிங் அவுட் பரேடில் என் பல் தெரிந்தால் அடுத்த பேட்சோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று சொல்லி, என்னைக் கடைசி வரிசையில் ஓரமாக நிறுத்தினார். நான் உள்கன்னத்தைக் கடித்துக்கொள்ளப் பழகினேன். போலீஸ் வேலைக்கு நான் கற்றுக்கொண்ட முதல் வித்தை அது.

பரேடு நாள் வந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால்தான் குடும்பத்தாருக்குப் பந்தல். அம்மாவும் அப்பாவும் முன் நாற்காலியில். மேடையில் பெரிய அதிகாரி. இடப்பக்கம் திரும்பச் சொல்லி உஸ்தாத் வழக்கம்போலக் கத்தினார். எல்லோரும் திரும்பினோம். கன்னத்தைக் கடித்தேன், உப்புக் கரித்தது. அடுத்த உத்தரவுக்காக மைதானமே அமைதியாக நின்றது. அந்த அமைதியில் அம்மாவின் குரல் கேட்டது. இத்தனை வருஷம் புனேயில் இருந்தும் அவளுக்கு இந்தி காய்கறிக் கடையோடு சரி.

“இன்னாத்துக்கு வாயை மூடுன்றான்? பொண்ணுங்க ஒண்ணும் பேசலியே.”

அப்பா அவளை அடக்கினார். லேத் சத்தத்தில் காது மந்தமான மனுஷன். அவர் ரகசியம் பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

“வாயை மூடு!”

எனக்கு முன்னால் நின்ற பீட்காரி சடக்கென்று இன்னொரு முறை இடப்பக்கம் திரும்பினாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் திரும்பினாள். வரிசையில் பாதிப் பேர் திரும்பி, தப்பு தெரிந்து, முட்டி மோதிப் பழைய பக்கம் வந்தார்கள். நான் அசையவில்லை. அப்பா யாரைச் சொன்னார் என்று அந்த மைதானத்தில் புரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். பல்லும் தெரியவில்லை.

பரேடு முடிந்ததும் உஸ்தாத் நேராக என்னிடம் வந்தார். உத்தரவு கொடுத்தது யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் மராத்தியில், நீ ஏன் திரும்பவில்லை என்றார். அது என் அம்மாவுக்குச் சொன்னது என்றேன். புகையிலையைத் துப்பிவிட்டு, போ, பாஸ் என்றார். பாராட்டு ஒன்றும் இல்லை. பீட்காரியோ, உங்க அப்பாவால்தான் மானம் போச்சு என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அதற்கும் நான்தான் பொறுப்பு.

தாபோடி பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் காக்கியில் இருந்தேன். பஸ் கிளம்பி இரண்டு ஸ்டாப் தாண்டவில்லை, அப்பா தொண்டையைச் செருமினார்.

“அந்தக் குடியாத்தத்துப் பையன் இன்னும் காத்துனு கீறான்…”

ஒரே தடவையில் முடித்தால் பேச மாட்டேன் என்ற அதே அப்பா. எனக்குக் கன்னம் எரிந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, உஸ்தாத் கற்றுக்கொடுத்த முழுக் குரலில் சொன்னேன்.

“வாயே… மூட்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்பா பேச்சை நிறுத்தினார். அதை எந்த மொழியில் எடுத்துக்கொண்டாரோ, நான் கேட்கவில்லை.