சாவி எடுத்தும் நிற்காத எஞ்சின்

ஸ்தேன் என்ற ஊரில் ஒரு கராஜில், பாரம் இழுக்கும் டிராக்டர் போட்டிக்காக என் மகன் பழைய லொறி எஞ்சினை டிராக்டரில் பூட்டினான். காற்றூட்டும் டர்போவும் பழசுதான். கைக்கு அவ்வளவுதான் எட்டியது. முதல் ஓட்டத்துக்கு முன் நான் மணைப்பலகையில் கற்பூரம் கொளுத்தினேன்.

எஞ்சின் உறுமியது. அவன் சாவியை எடுத்தும் நிற்கவில்லை. டீசல் குழாயைப் பிடுங்கியும் நிற்கவில்லை, இன்னும் வேகமாக அலறியது.

“அம்மா, வெடிக்கப் போகுது! ஓடுங்கோ!”

“உன்னை விட்டிட்டோ? போடா விசரா!”

கற்பூரப் புகை டர்போவின் வாய்க்குள் போவதைக் கண்டேன். கற்பூரத்தைத் தட்டிவிட்டு, பலகையால் அந்த வாயைப் பொத்தினேன். எஞ்சின் அடங்கியது.

தேய்ந்த டர்போ கசிய, எஞ்சின் தன் மசகெண்ணெயையே குடித்து ஓடியதாம். மகன் விளக்கினான்.

நான் பலகையை இழுத்தேன். வரவில்லை.

“குடிச்சது சரி. நிண்ட பிறகும் ஏன் விடுகுதில்லை?”

அவனும் வந்து இழுத்துப் பார்த்தான், பலகை அசையவில்லை.